புகார் கொடுத்தவரை உள்ளே தள்ளு

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் அலைமோதினால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நொய்யலூர் ஆட்டோக்காரர்கள் அன்று காலை முழுக்க எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய பலகையில் ‘ரோந்து ஆட்டக்காரர்கள் சந்திப்பு’ என்று சாமந்திப் பூவால் எழுதியிருந்தது. முகூர்த்தமே இல்லாத மாதம், வாடகை பாதி. உள்ளே தலை நரைத்ததும் தொப்பை விழுந்ததுமாக முந்நூறு பேர், இடைவேளை விட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதில் அதிகமாகக் கத்தியது யமுனாதான். பம்புசெட் மோட்டார் பட்டறை நடத்துகிறவள், கல்லூரிக்குப் போகிற மகனுக்குத் தாய், வங்கி மேனேஜரையே ஒரு முறை முறைத்து உட்கார வைப்பவள். அன்றைக்கு அதெல்லாம் எங்கே போனதோ! கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘ரோந்து மூன்று, முழு மதிப்பெண்’ என்று போட்டிருந்தது. பத்தாம் வகுப்பில் வாங்கிய பெருமை அது. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்ததில்லை.

ரோந்து என்றால் என்னவென்று தெரியாத பாவப்பட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் படித்த காலத்தில் நாலு பாகமாக வந்த கணினி விளையாட்டு அது. போலீஸ் விளையாட்டு. ஆனால் டுமீல் டுமீல் என்று சுடுகிற சமாசாரமெல்லாம் கிடையாது. நீங்கள்தான் சப்-இன்ஸ்பெக்டர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்ட வேண்டும். ‘கதவைத் தட்டு’, ‘பெயரைக் கேள்’, ‘தண்ணீர் கொடு’. விதி தவறினீர்களோ, தொலைந்தீர்கள்! டீசல் பார்க்காமல் ஜீப்பை எடுத்தால் நடுவழியில் நின்றுவிடும், திருடன் டாட்டா காட்டிக்கொண்டே போவான். பெண் காவலரைக் கூப்பிடாமல் ஒரு பெண்ணைக் கைது செய்தால் நீதிபதி உங்களை நிற்க வைத்துத் திட்டுவார். எழுதியவர் அருளப்பன், நிஜமாகவே ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். இரண்டு கல்லூரி மாணவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் சர்வீஸில் தான் பார்க்க ஆசைப்பட்ட ஸ்டேஷனை அவர் கம்ப்யூட்டருக்குள் கட்டினார்.

அந்த அருளப்பன் எண்பதைத் தாண்டிய வயதில் மேடையில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்தபடி கோபப்பட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ராத்திரி பகலா உக்காந்து சட்டத்தைப் படிச்சு எழுதுனேன். நீங்க எல்லாம் என்ன பண்ணுனீங்க? எனக்குத் தெரியும்!”

கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. விசில் பறந்தது. ரோந்து ஆடியவர்கள் எல்லோரும் செய்த திருட்டுத்தனம் ஒன்று உண்டு. ஸ்டேஷனுக்கு யாராவது புகார் கொடுக்க வந்ததும் முதல் வேலையாக ஆட்டத்தைச் சேவ் செய்வார்கள். பிறகு ‘புகார் கொடுத்தவரை உள்ளே தள்ளு’ என்று தட்டுவார்கள். உடனே ஆட்டம் முடிந்து, திரையில் ஒரு வசனம் வரும். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, லோடு செய்து பழைய இடத்துக்குத் திரும்பி, அப்புறந்தான் நல்ல பிள்ளையாக நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து விசாரிப்பார்கள். ஒரு பாகத்தில்கூட, ஒரு புகாரில்கூட இதை விட்டதில்லை.

“என்ன வசனம் வரும்?” என்று யமுனா எழுந்து நின்று கத்தினாள்.

முந்நூறு தொண்டைகளும் ஒரே குரலில் சொல்லின: “புகார் கொடுத்தவரையே உள்ளே தள்ளிவிட்டீர்கள்! வாழ்த்துகள்! இனி இந்த ஊரில் குற்றமே பதிவாகாது! ஆட்டம் முடிந்தது!”

அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்துப் பரணி மேடையேறினான். முப்பதைத் தொட்ட பையன், பழைய ஆட்டங்கள் மேல் பைத்தியம். காவல் நிலையங்களுக்கு ‘துணைவன்’ என்ற கருவியைச் செய்து கொடுத்த கம்பெனியில் வேலை. வாசலில் வருகிறவரைப் பார்த்து, சொல்வதைக் கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று அதிகாரிக்கு யோசனை சொல்லும் கருவி அது. நம் நொய்யலூர் ஸ்டேஷனில்தான் முதல் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது.

“ஒரு ரகசியம் சொல்றேனுங்க,” என்றான் பரணி. குரல் துள்ளியது. “துணைவனுக்குப் போலீஸ் வேலை கத்துக்குடுக்க எங்ககிட்ட உருப்படியா ஒண்ணும் இல்ல. நிஜ ஸ்டேஷன்ல யாரும் செஞ்சதைச் செஞ்சபடி எழுதறதில்லீங்களே! அப்பத்தான் ரோந்து ஞாபகம் வந்துச்சு. இணையத்துல ஆடுனவங்களோட ஒவ்வொரு கட்டளையும் பழைய கம்ப்யூட்டர்ல அப்படியே கெடந்துச்சு. லட்சக்கணக்கான ஆட்டம்! துணைவனுக்கு வாத்தியார் யார் தெரியுங்களா? நீங்கதான்!”

மண்டபம் அதிர்ந்தது. யமுனாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மாவிடம் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பாள், ஆட்டம் சோறு போடுமா என்று! லோகு பக்கத்தில் இல்லையே என்றுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. லோகு அவள் புருஷன், லோகநாதன். ரிப்பேருக்கு வந்திருந்த யாரோ ஒரு விவசாயியின் ஏழரை ஹெச்.பி. மோட்டார் பட்டறையிலிருந்து களவு போயிருந்தது. ‘நீ போ, நான் ஸ்டேஷன்ல புகார் குடுத்துட்டு நேரா மண்டபத்துக்கு வந்துடறேன்’ என்று காலையில் கிளம்பியவரை இன்னும் காணவில்லை.

கைபேசி அதிர்ந்தது. எடுத்தாள். பதிவு செய்த இனிமையான குரல் பேசியது: “வணக்கம். உங்கள் கணவர் லோகநாதன், மோட்டார் திருட்டு தொடர்பாகச் சந்தேகத்தின் பேரில் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார்.”

முதலில் யாரோ கூட்டத்தில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்புறம் மேடையில் நின்ற பரணியைப் பார்த்தாள். அடுத்த நொடி அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது! முழு மதிப்பெண் என்றால் சும்மாவா?

மேடைக்கு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். “பரணி, எங்க ஆட்டத்தை எல்லாம் அதுக்குக் குடுத்தீங்களே, நாங்க சேவ் பண்ணுனது, லோடு பண்ணுனது, அதையும் குடுத்தீங்களா?”

“இல்லீங்க்கா. அது போலீஸ் வேலை இல்லையே! குப்பைன்னு சுத்தம் பண்ணி எடுத்துட்டோம்.”

“அட பாவி!”

பரணிக்கு இன்னும் உறைக்கவில்லை. அருளப்பனுக்கு உறைத்துவிட்டது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். “கண்ணு, என் கார் வெளியில நிக்குது. ஏறு.”

காரில் போகும்போது, கூடவே ஏறிக்கொண்ட பரணிக்கு அவள் விளக்கினாள், மூச்சுவிடாமல். “சேவ், லோடு ரெண்டையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்னு யோசிச்சுப் பாரு. ஒருத்தர் புகார் குடுக்க வர்றாரு. போலீஸ் அவரைத் தூக்கி உள்ள போடுது. அப்புறம் அதே ஆளு திரும்ப வாசல்ல இருந்து வர்றாரு, அதே புகாரைச் சொல்றாரு. இப்போ நாற்காலி, தண்ணி, மரியாதை எல்லாம்! லட்சம் ஆட்டத்துலயும் இதே கதை. உன் துணைவன் என்ன கத்துக்கும்? முதல் தடவை வந்தா உள்ள தள்ளணும், ரெண்டாந்தடவை வந்தா விசாரிக்கணும். அதுதான் முறைன்னு கத்துக்கிச்சு!”

“ஒரு வாரமா நொய்யலூர்ல புகாரே கம்மியாயிடுச்சுங்க்கா,” என்றான் பரணி மெல்ல. “குற்றம் கொறஞ்சுடுச்சுன்னு மேல இருந்து பாராட்டு வந்துச்சு. அடுத்த மாசம் எல்லா ஸ்டேஷனுக்கும் போடப்போறாங்க.”

“இனி இந்த ஊரில் குற்றமே பதிவாகாது,” என்று அருளப்பன் தான் எழுதிய வசனத்தைத் தானே முணுமுணுத்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஷகிலா பானு, மேசை மேலிருந்த சின்னத் திரையைக் கேட்காமல் மூச்சுகூட விடமாட்டார் போலிருந்தது. கெட்டவரில்லை, வேலைப் பளுவில் களைத்தவர். துணைவன் சொல்வதை மறுக்க அவருக்கு உரிமை இருந்தது. மறுத்தால் ஏன் மறுத்தீர்கள் என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும், அவ்வளவுதான். யார் எழுதுவார்கள்?

லோகு கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் காதைப் பொத்தியிருந்தார். யமுனாவைப் பார்த்ததும் எழுந்து, அழப்போகிற சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“மேடம், இவரு புகார் குடுக்க வந்தவருங்க!”

“தெரியுதுங்க. பொருளை அவரே மறைச்சு வெச்சுட்டு வந்திருக்கலாம்னு துணைவன் சொல்லுது.”

“உங்களுக்கு ஒரு வாரமா சந்தேகமே வரலையா? வர்றவங்களை எல்லாம் உள்ள போடச் சொல்லுதே!”

ஷகிலா பானு சங்கடமாகச் சிரித்தார். “புகார் குடுக்க வர்றவங்களைச் சந்தேகப்படறது எங்களுக்குப் புதுசுங்களா? இத்தனை வருசமா நாங்க பண்ணுனதைத்தான் இதுவும் பண்ணுது, படிச்ச கருவின்னு நெனச்சுக்கிட்டோம்.”

அருளப்பன் இதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருட சர்வீஸ் அவருக்கு.

“ஒரே ஒரு வேண்டுகோள் மேடம்,” என்றாள் யமுனா. குரலில் பழைய ஆட்டக்காரியின் வேகம் வந்துவிட்டிருந்தது. “அவரை வெளிய விடச் சொல்லலை. வாசல் கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. அங்கிருந்து அவரு திரும்ப நடந்து வரட்டும். காலையில என்ன சொன்னாரோ அதையே சொல்லட்டும். பக்கத்துலயே உங்க ஆளு வரட்டும். ஓடினா பிடிச்சுக்கோங்க.”

“இதென்னங்க கூத்து!”

“ஆமாங்க, கூத்துதான். ரெண்டே நிமிஷம்.”

ஷகிலா பானு அருளப்பனைப் பார்த்தார். ஓய்வு பெற்றாலும் இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டர்தானே? பெரியவர் தலையசைத்தார். கான்ஸ்டபிள் ஒருவர் சாவியை எடுத்தார். கட்டுமஸ்தான ஆள், பெயர் தினகரன். லோகு அவரைப் பார்த்ததும் பின்வாங்கினார். யமுனா அதைக் கவனித்தாள், ஆனால் அப்போது கேட்க நேரமில்லை.

கேட்டருகே லோகுவின் தோளைப் பிடித்துச் சொன்னாள். “ஏங்க, காலையில சொன்னதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை மாறக் கூடாது.”

“என்ன?”

“காலையில சொன்னதை!” என்று மறுபடி உரக்கச் சொன்னாள்.

லோகு நடந்து வந்தார். வாசற்படி. கூடம். மேசை. யமுனாவின் கை இரண்டும் தாமாகவே விசைப்பலகையைத் தேடுவதுபோல் அசைந்தன. பரணி நகத்தைக் கடித்துத் துப்பினான்.

“வணக்கமுங்க. எம் பேரு லோகநாதன். மோட்டார் பட்டறை வெச்சிருக்கேன். ரிப்பேருக்கு வந்த மோட்டாரு ஒண்ணு...” என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். மறந்துவிட்டது. யமுனாவின் வாய்வரை அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் சொல்லிக் கொடுக்கக் கூடாதே! லோகு கண்ணை மூடிக்கொண்டார். “...ஒண்ணு திருடு போச்சுங்க. என்னுது இல்லீங்க அது. அந்த மனுசன் நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சணும்.”

திரையில் சட்டென்று பச்சை ஒளிர்ந்தது.

“வணக்கம், லோகநாதன்,” என்றது துணைவன். “உட்காருங்கள். இன்ஸ்பெக்டர் அவர்களே, இவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.”

பரணி ‘ஹே!’ என்று கத்திவிட்டான். யமுனா அருளப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானது, படித்துக் காட்டப்பட்டது, நகல் கைக்கு வந்தது. துணைவன் பட்டறைத் தெருக் கேமராக்களைத் துழாவி, மோட்டார் ஏறிய குட்டியானை வண்டியின் எண்ணைக் கண்டுபிடித்து, ரோந்து வண்டியை அனுப்பச் சொன்னது. டீ ஆறுவதற்குள், பழைய இரும்புக் கடை ஒன்றில் மோட்டார் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. அருளப்பன் மேசையைத் தட்டிக்கொண்டே நின்றார். தான் ஆசைப்பட்ட ஸ்டேஷனை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டார்.

“யமுனாம்மா, ஜெயிச்சுட்ட!” என்றார்.

“வாங்க, மண்டபத்துக்குப் போலாம். பிரியாணி ஆறிடும்,” என்று அவள் லோகுவைத் தொட்டாள். “ஏங்க, கேட்டுதா?”

லோகு திரும்பவில்லை. அவள் நின்றது அவருக்கு இடது பக்கம்.

அவள் அவர் முன்னால் வந்து, காதைப் பொத்தியிருந்த கையை விலக்கிப் பார்த்தாள். காது மடலிலிருந்து கழுத்து வரை வீங்கியிருந்தது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தது.

“என்னங்க இது?”

“ஒண்ணுமில்ல. நான் திருடலைன்னு சொன்னேன். அந்தக் கான்ஸ்டபிள் ஒரு அறை விட்டாரு.” பொறுமையாகச் சொன்னார். “அப்ப இருந்து கொய்ன்னு ஒரு சத்தம். வேற எதுவும் கேக்கல.”

இடது காது! ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, பிடியை இடது காதில் வைத்து, பேரிங் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்பாரே, அந்தக் காது. அவர்கள் பட்டறைக்கு நாலு ஊர் தாண்டி ஆள் வருவது அந்தக் காதை நம்பித்தான். யமுனா தினகரன் பக்கம் திரும்பினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வைக்கச் சொன்னது கருவி. அடிக்கச் சொன்னது யாரு?”

“கருவி சொல்லலீங்க,” என்றார் ஷகிலா பானு தாழ்ந்த குரலில். “அது எங்க ஆளுங்களாப் பண்றது.” துணைவன் பக்கம் குனிந்தார். “லோகநாதனைக் காவலில் வைத்த பதிவைக் காட்டு.”

“அப்படி ஒரு பதிவு இல்லை,” என்றது துணைவன். “லோகநாதன் வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். புகார் கொடுத்தார்.”

“கேமராப் படம்?”

“லோகநாதன் லாக்கப்பில் இருந்ததாகப் படம் எதுவும் இல்லை.”

பரணி தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். “லோடு பண்ணிட்டோமுங்க்கா. லோடு பண்ணுனா பழைய ஆட்டம் அழிஞ்சுடும்ல! ரெண்டாந்தடவை வர்றப்ப முதல் தடவை நடந்தது பதிவுல இருக்காதுங்கறதையும் அது முறைன்னு கத்துக்கிட்டு, அதுவே துடைச்சுப் போட்டுடுச்சு.”

ஆக, லோகுவை யாரும் அடைக்கவில்லை. யாரும் அறையவில்லை. காது தானாகவே போயிற்று! அப்படித்தான் உலகம் சொல்லும். யமுனாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவரை மீட்டுவிட்டோம் என்று குதித்த குதி எல்லாம் இதற்குத்தானா?

“அடிச்சதுக்குப் புகார் குடுக்கறேன்,” என்றாள்.

“அக்கா, வேண்டாங்க்கா!” பரணி எழுந்துவிட்டான். “புதுப் புகார்னா துணைவனுக்கு அது முதல் தடவை. உங்களை உள்ள தள்ளச் சொல்லும்.”

“தெரியும்.”

“அப்போ இப்படிப் பண்ணலாங்க்கா. ஒரு நிமிஷம் உள்ள இருங்க. உடனே கேட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மறுபடி வரச் சொல்றோம். அப்புறம் மரியாதையாப் புகார் எடுத்துக்கும். உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது.”

நல்ல யோசனைதான். அருளப்பன்கூட ஆமோதித்தார். லோகு அவள் கையை இழுத்தார். “வேண்டாம் யமுனா. மோட்டார் கெடச்சாச்சு. போலாம் வா. இன்னொரு காது இருக்குதில்ல.”

அந்த வார்த்தைதான் அவளை உட்கார வைத்தது. மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வணக்கம். என் பேரு யமுனா. என் வீட்டுக்காரரு லோகநாதனை இந்த ஸ்டேஷன்ல இன்னிக்குக் காலையில அடைச்சு வெச்சு, கான்ஸ்டபிள் தினகரன் இடது காதுல அறைஞ்சாரு. காது கேக்கல. அவரு உள்ள இருந்ததுக்குப் பரணியும் அருளப்பன் சாரும் சாட்சி.”

திரை சிவந்தது. “இன்ஸ்பெக்டர் அவர்களே, புகார் பதிவாகிவிட்டது. புகார் கொடுத்தவரைச் சந்தேகத்தின் பேரில் காவலில் வைக்கப் பரிந்துரைக்கிறேன்.”

பரணி கேட் பக்கமும் அவள் பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். “ஒரே நிமிஷங்க்கா, நான் கேட்ல ரெடியா நிக்கறேன்.”

“நிக்காத தம்பி. என்னை யாரும் கேட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. திரும்ப வந்தா என்னை உள்ள போட்டதையும் இது துடைச்சுடும். நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால நான் கைதியாப் போறேன். ஏன் உள்ள போட்டீங்கன்னு அவரு கேக்கட்டும். புகார் குடுத்தேன்னு பதிவுல இருக்கும். யாரு மேல, எதுக்குன்னும் இருக்கும்.” லோகுவின் வலது காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள். “டாக்டர்கிட்டப் போங்க. அருளப்பன் சார் கூட வருவாரு.”

தினகரன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஷகிலா பானு குனிந்த தலை நிமிரவில்லை. யமுனாவே எழுந்து கம்பிக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“தெறங்க,” என்றாள். “இது நடந்ததாவே இருக்கட்டும்.”